பங்களா முற்றத்து மழைமானி

பழைய தேயிலைத் தோட்டங்களில் பங்களா முற்றத்திலோ ஆபீசுக்கு முன்னாலோ மழைமானி ஒன்று நின்றது. மரநிழல் படாத இடமாகப் பார்த்து, புல்தரையில் நட்டிருப்பார்கள். செம்பில் செய்த உருளை அது. விழும் துளி உள்ளே சேர்ந்ததா வெளியே போனதா என்ற சந்தேகம் வராதபடி அதன் விளிம்பைக் கூராகச் சீவியிருப்பார்கள். உள்ளே புனல், புனலின் காம்பு இறங்கும் போத்தல். காலையில் அதற்கென்று உள்ள ஆள் போத்தலைத் தூக்கி, கோடு கீறிய கண்ணாடிச் சாடியில் நீரை ஊற்றி, கண்மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்து, அங்குலக் கணக்கில் புத்தகத்தில் எழுதுவார். மழை பெய்யாத நாளுக்கும் எழுத வேண்டும்; அந்த நாளுக்கு ஒரு சுழியம்.

அந்தப் புத்தகத்துக்கு நிறைய வேலை இருந்தது. எப்போது உரம் போடலாம், எந்த மலையை எந்த மாதம் கவ்வாத்து வெட்டலாம், அடுத்த மாதம் கொழுந்து எவ்வளவு வரும் என்று கணிப்பதற்கெல்லாம் அதைத்தான் புரட்டினார்கள். மாத முடிவில் மழைக்கணக்கு கொழும்பிலிருந்த ஏஜென்சிக் கம்பனிக்குப் போனது. விளைச்சல் ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று லண்டனிலிருந்த பங்குதாரர்களுக்கு விளக்கம் சொல்ல அது உதவியது. கடல் தாண்டிப் போன அந்த எண், பங்களாவுக்குக் கீழே கூப்பிடு தூரத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வந்ததில்லை. லயத்து ஆட்களுக்கு மழை என்பது தகரக் கூரையின் சத்தம். விடிந்தால், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அன்றைய கூலிக்குப் பேர் போடுவார்களா மாட்டார்களா என்ற கவலை. நேற்று இரவு எத்தனை அங்குலம் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. அந்த எண் கொழுந்துக்கானது.

தொழில்நுட்பமும் கைத்தொழிலும் நிலைபேறான அபிவிருத்திக்கு எப்படி உதவும் என்று இப்போது மாநாடுகளில் பேசுகிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2015 செப்டெம்பரில் ஏற்றுக்கொண்ட 17 இலக்குகளில் ஒன்பதாவது அதைப் பற்றியதுதான். இலங்கையும் 2017இல் 19ஆம் இலக்க நிலைபேறான அபிவிருத்திச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தப் பேச்சுக்களில் பெரும்பாலும் தொழில்நுட்பம் இனிமேல்தான் எங்களிடம் வந்து சேர வேண்டிய ஒன்றாகவே இருக்கிறது. சப்ரகமுவ மாகாணத்து மலைகளின் வரலாறு எனக்குச் சொல்வது வேறு. அளக்கும் கருவியும் ஓடும் இயந்திரமும் இங்கே நூறு வருடத்துக்கு மேலாக இருந்தன. அவை யாருக்காக அளந்தன, யாருக்காக ஓடின என்பதை இந்த மாகாணத்தின் கேகாலை மாவட்டத்திலுள்ள அரநாயக்கவை வைத்துக்கொண்டு கேட்டுப் பார்க்கலாம்.

2016 மே 17ஆம் திகதி மாலை, அரநாயக்கவில் சாமசர மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து இறங்கியது. வங்காள விரிகுடாவில் பின்னர் ரோவானு என்று பெயர் பெற்ற புயலுக்கு முன்னோடியான தாழமுக்கம் நாடு முழுவதும் மழையைக் கொட்டிய நாட்கள் அவை. மூன்று நாட்களுக்குள் அந்தப் பகுதியில் 400 மில்லிமீற்றருக்கு மேல் பெய்திருந்தது. உச்சிப்பக்கம் தொடங்கிய சரிவு, மண்ணும் பாறையும் மரமும் நீருமாகக் குழம்பி, ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் ஓடி, சிரிபுர, எலங்கபிட்டிய, பள்ளேபாகே கிராமங்களின் மேல் போய் நின்றது. முப்பதுக்குச் சற்று மேற்பட்ட உடல்களே கிடைத்தன. மரித்தோரும் காணாமற்போனோருமாக 120க்கு மேற்பட்டவர்கள். மீதிப் பேர் இன்றும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறார்கள்.

அதே நாளில், அதே கேகாலை மாவட்டத்தில், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மலை சரிந்தது. அங்கே அகப்பட்டது லயம். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் குழந்தைகளோடு அதில் மாண்டன. அரநாயக்கவின் எண்ணிக்கை பெரிது. நாட்டின் கண் அங்கே போனது நியாயம்தான். ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் இந்த மாவட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது. எலங்கபிட்டியவில் இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர்கள். சிறிய தேயிலைத் துண்டும் வீட்டுத் தோட்டமுமாக வாழ்ந்தவர்கள். அந்த வீட்டை அந்தச் சரிவில் கட்டியது அவர்களோ அவர்களுடைய தகப்பன்மாரோ. களுபஹனவில் இருந்தவர்களுக்கு லயம் எங்கே நிற்க வேண்டும் என்பதை யாரோ ஒருவர் எப்போதோ தீர்மானித்து வைத்திருந்தார். தேயிலை நட வசதியான நிலத்தைத் தேயிலைக்கு விட்டுவிட்டு, மிஞ்சிய இடத்தில் லயத்தை நீட்டிக் கட்டுவதுதான் தோட்ட வழக்கம். ஓடைக்கரை, வெட்டிய மேட்டின் அடி, செங்குத்தான பள்ளத்தின் விளிம்பு என்று மலைநாடு முழுவதும் லயங்கள் நிற்கும் இடங்களைப் பார்த்தால் இது தெரியும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் அளவுகள் எளிமையானவை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இரு. 100 தாண்டினால் புறப்பட ஆயத்தமாகு. 150 தாண்டினாலோ, ஒரு மணி நேரத்துக்குள் 75 பெய்தாலோ வெளியேறு. அங்குலத்தில் சொன்னால் மூன்று, நான்கு, ஆறு. இதைப் பழைய மழைப்புத்தகத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தோட்ட ஆபீசின் மேசையில், ஐந்தும் ஆறும் ஏழும் அங்குலமாக எழுதப்பட்ட காலைகள் எத்தனையோ இருந்திருக்கும். அந்தக் காலைகளில் மழைமானிக்குப் பக்கத்தில் நின்றவருக்கு ஆறு அங்குலம் என்பதன் பொருள், இன்றைக்குக் கொழுந்து எடுக்க முடியாது என்பது. மேலே மலைக்குள் நீர் நிறைந்து மண்ணின் பிடி தளர்வதை அந்த எண்ணிலிருந்து படிக்கும் அறிவு அப்போது இருக்கவில்லை. அந்த அறிவைத் தேடும் தேவையும் தோட்டக் கணக்கில் இருக்கவில்லை.

அறிவு வந்தது மரணங்களுக்குப் பிறகுதான். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது 1984இல். 1986இல் பதுளை, நுவரெலியா மலைகளில் சரிவுகள். 1989 ஜூனில் இதே கேகாலை மாவட்டத்தில் பெரும் சரிவுகள். அதன் பிறகே மலைநாட்டு மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வரைபடம் கீறும் வேலை 1990களில் முறையாகத் தொடங்கியது. சாய்வு, பாறையின் வகை, மேல்மண்ணின் தடிப்பு, நீர்வழி, நிலப்பயன்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளியிட்டு, அபாயம் கூடிய இடம், குறைந்த இடம் என்று பிரித்த வரைபடங்கள். நல்ல அறிவியல், உழைப்பும் நேர்மையும் கொண்ட வேலை. அந்த வரைபடம் பிரதேச செயலகத்தின் அலுமாரியில் இருக்கிறது, இணையத்திலும் இருக்கிறது. லயத்துச் சுவரிலோ பெரட்டுக்களத்திலோ, தன் காம்பரா எந்த நிறத்துக்குள் விழுகிறது என்று ஒரு தொழிலாளி விரல் வைத்துப் பார்க்கும் இடத்தில், தமிழில் அது தொங்கி நான் பார்த்ததில்லை.

மழைமானியோடு நின்றுவிடும் கதை இல்லை இது. நீருக்கும் இதே கதைதான்.

தேசிய மின்வலையமைப்பு வருவதற்குப் பல காலம் முன்பே தேயிலைத் தோட்டங்கள் ஓடையிலிருந்து சக்தி எடுத்தன. முதலில் நீர்ச்சக்கரம், பிறகு டர்பைன். இங்கிலாந்தின் கெண்டல் நகரத்திலிருந்து கில்க்ஸ் கம்பனியின் டர்பைன்கள் கப்பலேறி வந்தன. மலையின் மேல் ஓடையை மறித்து, வாய்க்காலில் கொண்டுவந்து, இரும்புக் குழாய்க்குள் இறக்கி, ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே உள்ள சிறு அறையில் சக்கரத்தின் மேல் பாய்ச்சுவார்கள். ஸ்டோருக்குள் நீண்ட இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து தோல் பட்டிகள் ரோலருக்கும் சல்லடைக்கும் காற்றாடிக்கும் போகும். நாலரை கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாக மாறும் வரைக்குமான வாட்டல், உருட்டல், உலர்த்தல் எல்லாவற்றுக்கும் சக்தி வேண்டும். உலர்த்துவதற்கு விறகு, மற்றதற்கு ஓடை. இன்றைக்குப் புதுப்பிக்கத்தக்க சக்தி என்று பாராட்டுப் பத்திரம் கொடுக்கத்தக்க ஏற்பாடு. அந்தக் காலத்தில் அது வெறும் சிக்கனம்.

ஸ்டோரில் பல்ப் எரிந்தது. பங்களாவில் எரிந்தது. லயத்தில் குப்பி லாம்பு. அதே ஓடையின் அதே நீர்தான். லயத்துப் பிள்ளைகள் குளித்த பீலிக்கும் அதுதான் வந்தது. பெரும்பாலான லயங்களுக்கு மின்சாரம் வந்தது நாடு சுதந்திரமடைந்து பல பதிற்றாண்டுகள் கழிந்த பிறகு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912இல் நுவரெலியாவுக்கு அருகே பிளாக்பூலில் சிறு நீர்மின் நிலையம் அமைத்தார். களனி ஆற்றின் மேல்நீர் நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் என்று 1918இல் கட்டுரை வாசித்தார். அவர் கனவு கண்ட லக்ஷபான நிலையம் 1950இல் இயங்கியது. அந்த அணைகளையும் நீர்த்தேக்கங்களையும் சூழ்ந்த மலைகளில் இருப்பவை தேயிலைத் தோட்டங்கள். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களுக்கு மேலே இருந்த லயங்களிலிருந்து பார்த்தவர்கள் பல வருடம் மின்சாரத்தின் வெளிச்சத்தைத் தூரத்தில்தான் பார்த்தார்கள்.

லக்ஷபானவின் மின்சாரம் மலிவாக வரத் தொடங்கியதும் தோட்டங்கள் தங்கள் டர்பைன்களைக் கைவிட்டன. 1970களில் எண்ணெய் விலை ஏறிய பிறகுதான் அந்தத் துருப்பிடித்த சக்கரங்கள் யாருக்கோ நினைவு வந்தன. 'சிறியதே அழகு' என்ற நூலை எழுதிய ஈ. எஃப். ஷூமாக்கர் 1966இல் தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்பக் குழு, இலங்கைக்கு வந்து தோட்டங்களின் பழைய டர்பைன்களைத் திரும்ப ஓட்ட உதவியது. அங்கிருந்து அந்த முயற்சி கிராமங்களுக்குப் போனது. 1990களிலும் அடுத்த பத்து வருடங்களிலும் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் ஓடைகளில் நூற்றுக்கு மேற்பட்ட கிராமிய நீர்மின் திட்டங்கள் முளைத்தன. பின்னாளில் உலக வங்கியின் கடன் உதவியும் சேர்ந்தது.

இந்தத் திட்டங்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நிலைபேறான அபிவிருத்தி என்று சொல்லத்தக்க ஒன்றை இந்த மாகாணம் செய்து காட்டியது இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். ஐம்பது அறுபது வீடுகள் சேர்ந்து மின் நுகர்வோர் சங்கம் ஒன்றைப் பதிவு செய்வார்கள். சீமெந்து மூட்டையைத் தோளில் சுமந்து மலையேற்றுவதும் வாய்க்கால் வெட்டுவதும் அவர்களே. கீழே சிறு கொட்டகைக்குள் உள்ளூர்ப் பட்டறையில் செய்த டர்பைன். மின்பிறப்பாக்கிக்குப் பதில் சாதாரண மோட்டார் ஒன்றைத் திருப்பி ஓட்டுவார்கள். வீட்டுக்கு நூறு, இருநூறு வாட்தான். நான்கைந்து பல்ப், ஒரு தொலைக்காட்சி. யாராவது இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் ஊர் முழுதும் வெளிச்சம் மங்கும். யார் வீடு என்று உடனே தெரிந்துவிடும். ஊர் உறங்கி மின்சாரம் மிஞ்சும் நேரத்தில், அழுத்தம் ஏறிப் பல்புகள் கருகாமல் இருக்க, மிஞ்சியதை ஒரு சூடாக்கிக்குள் விட்டுத் தீர்க்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி சுவரில் இருக்கும். மாதச் சந்தா; பழுது பார்க்கக் கிராமத்து இளைஞன் ஒருவன்.

அந்தச் சங்கங்கள் செய்த இன்னொரு வேலையை எந்தத் திட்ட அறிக்கையும் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது. ஓடை வற்றினால் பல்ப் அணையும். ஓடை வற்றாமல் இருக்க மேலே காடு இருக்க வேண்டும். ஆகவே மேலே மரம் தறிக்க வந்தவனைக் கிராமமே மறித்தது. காட்டைப் பற்றிய போதனை எதுவும் தேவைப்படவில்லை. தன் வீட்டு வெளிச்சம் எந்த மரத்தடியிலிருந்து கசிந்து வருகிறது என்பதை ஒவ்வொரு வீடும் அறிந்திருந்தது. கருவியும், அதன் பலனும், அதைக் காக்கும் பொறுப்பும் ஒரே கையில் இருந்தன. மழைமானிக்கு நேராத நல்வாய்ப்பு இது.

இந்த நல்வாய்ப்பு லயத்துக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓடை தோட்டக் காணிக்குள் ஓடுகிறது. காணி கம்பனியிடம் அல்லது அரசிடம். 1970களில் தேசியமயமாகி, 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு மாறிய பிறகும் தொழிலாளி நின்ற இடம் மாறவில்லை. வாய்க்கால் வெட்டத் தனக்கென்று ஒரு அடி நிலம் இல்லாதவர்கள் எந்த ஓடையில் சங்கம் அமைப்பார்கள்? வாய்க்கால் வெட்டும் திறமை இந்த மலையில் வேறு யாருக்கும் குறையாமல் அவர்களிடம் இருந்தது. அந்தத் திறமையால்தான் மலைநாட்டில் மண் இத்தனை காலம் நின்றது.

அதைச் சொல்ல வேண்டுமானால் கானைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலை மலையில் நடப்பவர்கள் தடுக்கி விழும் அந்தக் குறுக்கு வாய்க்கால்தான் கான். மழைநீர் சரிவின் குறுக்கே மெல்ல நடந்து பெரிய வடிகாலில் சேர வேண்டும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் சொல்லும் சாய்வு, 120 அடி நீளத்துக்கு ஒரு அடி இறக்கம். இதைவிடச் சரிந்தால் நீர் வேகம் பிடித்துக் கானையே அரிக்கும். இதைவிடத் தட்டையானால் தேங்கி மலைக்குள் இறங்கும். கானுக்குள் இடையிடையே குழி வைத்து, நடுவில் மண்வரம்பு விட்டிருப்பார்கள். அரித்து வரும் மண் அங்கே படிந்துகொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த மண்ணை வாரித் திரும்ப மேட்டில் போட வேண்டும். மண்வெட்டியோடு கான் வேலைக்குப் போன ஆண்கள் சாய்வை எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணால் பிடித்தார்கள். ஒரு மலைத்தொடர் முழுக்க நீரைக் கையால் வழிநடத்திய பொறியியல் அது. அந்தப் பெயரில் அதை யாரும் அழைத்ததில்லை.

இன்றைக்குக் கான்கள் தூர்ந்து கிடக்கின்றன. கான் வேலையால் கொழுந்து எடை கூடுவதில்லை. ஆட்கள் குறைந்த தோட்டத்தில், செலவைக் குறைக்க வேண்டிய வருடத்தில், முதலில் நிற்பது அந்த வேலைதான். இளைஞர்கள் கொழும்புக்கு, கடைகளுக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள். அவர்கள் போனதில் நான் குறை காணவில்லை, போகத்தான் வேண்டும். ஆனால் தூர்ந்த கானில் இறங்காத மழை எங்கே இறங்குகிறது என்று யாராவது கணக்கு வைத்திருக்க வேண்டும். சிற்றுடைமைத் தோட்டங்களில் கான் இல்லாமலே தேயிலை நட்டவர்கள் ஏராளம். வீடு கட்ட மலையின் அடியை வெட்டுவது, பாதைக்காக வெட்டுவது, வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் தள்ளுவது என்று ஒவ்வொன்றும் சிறிய காரியம். எல்லாம் ஒரே மலையில் சேரும்போது அது சிறியதாக இருப்பதில்லை.

நிலைபேறு என்ற பெயரால் மேலிருந்து வந்த வேலைகளையும் பார்த்துவிட்டோம். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தி, நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாறுகிறது என்றார்கள். சில மாதத்துக்குள் தேயிலை மஞ்சளித்தது. ஆண்டு முடிவதற்குள் தடையை நீக்க வேண்டி வந்தது. கிலோக் கணக்கில் கொழுந்து எடுக்க வேண்டிய பெண், இலை இல்லாத மலையில் அதே கிலோவுக்காக இரு மடங்கு தூரம் நடந்தாள். ஏற்றுமதித் தேயிலைக்குச் சூழல் சான்றிதழ் வாங்கும் தோட்டங்கள் உண்டு. ஓடைக்கரையில் மருந்தடிக்காமல் விட்ட பகுதி, மருந்துக் களஞ்சியத்தின் பூட்டு, கையுறை, வனவிலங்கு பற்றிய பலகை என்று பரிசோதகர்கள் பார்ப்பவை அநேகம். குடியிருப்பைப் பற்றியும் அந்த விதிகளில் பந்தி இருக்கிறது. கூரை ஒழுகுகிறதா, மலசலகூடம் உண்டா என்று பார்க்கிறார்கள், அதுவும் வேண்டும். அந்தக் கூரைக்கு மேலே நிற்கும் மலையை யார் பார்ப்பது?

இனி, எச்சரிக்கை ஒழுங்காக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 2016க்குப் பிறகு உண்மையில் நிறைய நடந்திருக்கிறது. மலைநாடு முழுவதும் நூற்றுக்கணக்கான தானியங்கி மழைமானிகள் வைத்திருக்கிறார்கள். அவை யாரும் போத்தலைத் தூக்காமலே கொழும்புக்கு எண்ணை அனுப்புகின்றன. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேச செயலகப் பிரிவு வாரியாக அறிவித்தல் வருகிறது. சில இடங்களில் நிலத்தின் அசைவை அளக்கும் கம்பிகளையும் நட்டிருக்கிறார்கள். இவற்றால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. இந்த வேலையைச் செய்யும் பொறியியலாளர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் சிவப்பு அறிவித்தல் லயத்துக்கு வரும் இரவை நினைத்துப் பாருங்கள். முதலாவது, அது எந்த மொழியில் வருகிறது. கேகாலை போன்ற ஒரு மாவட்டத்தில், தமிழ் அறிந்த உத்தியோகத்தர் அரிதாக இருக்கும் பிரிவில், கிராம உத்தியோகத்தரின் தொலைபேசிச் செய்தி சிங்களத்தில் வந்து, பக்கத்துக் கடைக்காரரோ பள்ளிக்கூடப் பிள்ளையோ அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைக் கிழித்தபோதும், அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்ட அந்த நாட்களிலும், தமிழில் எச்சரிக்கை நேரத்துக்கு வரவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. தமிழ் அரச கரும மொழியாகி எத்தனையோ வருடம் ஆன பிறகு.

இரண்டாவது, எங்கே போவது. தோட்டப் பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், பிள்ளைக்காம்பரா என்ற குழந்தைக் காப்பகம். அவையும் பல இடங்களில் அதே சரிவில் நிற்கின்றன. பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் புதைந்தபோது இந்தக் கேள்வியை நாடு பார்த்திருக்க வேண்டும். அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை மாற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தார்கள். விஞ்ஞானம் தன் வேலையைச் செய்திருந்தது. மாறிப் போகக் காணி இல்லாதவர்களிடம் மாறிப் போ என்று சொன்னார்கள். கம்பனியின் கையிலுள்ள வீட்டிலிருந்து கம்பனியின் கையிலுள்ள மலையில் இன்னொரு மூலைக்குத் தன் விருப்பத்தில் நகரும் அதிகாரம் தொழிலாளிக்கு இல்லை. உயிர் போன பிறகு மாக்கல்தெனியவில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். அரநாயக்கவில் வீடு இழந்த கிராமத்தவர்களுக்கு அரசு காணியும் பணமும் கொடுத்தபோது, அவர்கள் இழந்ததற்கு ஒரு உறுதி, ஒரு பெயர், ஒரு எல்லை இருந்தது. லயத்தில் இருந்தவர் இழந்த காம்பராவுக்கு அவர் பெயரில் எந்தத் தாளும் இல்லை.

மூன்றாவது காரியத்தை எந்த அனர்த்த முகாமைத்துவக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. சிவப்பு அறிவித்தலுக்குப் பயந்து குடும்பத்தோடு பள்ளிக்கூடத்தில் படுத்த ஒரு பெண், மறுநாள் வேலைக்குப் போகவில்லை என்றால் அவளுக்குப் பேர் இல்லை. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் ஏறியது நல்லதுதான். வேலைக்குப் போன நாளுக்குத்தான் அந்தக் காசு. மழைக்காலத்தில் அறிவித்தல் ஒன்று இரண்டோடு நிற்பதில்லை. இரண்டு மூன்று முறை வெளியேறி, மலை அசையாமல் நின்று, மூன்று நாள் சம்பளம் போன பிறகு, நான்காம் முறை அவள் வெளியேறாமல் இருந்தால் அதை அறியாமை என்று எழுதுகிறார்கள். விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைக்கிறார்கள். அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. கூரைச் சத்தத்தை வைத்தே மழையை எடை போடத் தெரிந்தவள் அவள்.

ஆகவே நான் கேட்பது புதிய கருவியை அல்ல. இருக்கும் எண் லயத்தின் சொத்தாக வேண்டும். புனலும் போத்தலும் கோடு கீறிய குழாயும் வைத்து ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு மழைமானி. அதை வாசிக்க லயத்திலேயே இருவர், அவர்களில் ஒருவராவது பெண். மூன்று, நான்கு, ஆறு அங்குலம் எங்கே என்று மூன்று நிறத்தில் பட்டை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமே இந்த மாதிரி எளிய மழைமானிகளைக் கிராமங்களுக்குக் கொடுத்திருக்கிறது. மலைக்கு மலை மழை மாறும் நாட்டில், பத்து மைல் அப்பால் நிற்கும் தானியங்கியைவிட வாசலில் நிற்கும் போத்தல் சில இரவுகளில் உண்மையைச் சொல்லும். லயத்தவர்கள் எண்ணைச் சொல்ல, ஆபீஸ் அதை எழுதிக்கொள்ளட்டும். அபாய வரைபடத்தில் அந்தத் தோட்டத்துக்குரிய தாளைத் தமிழில் அச்சடித்துப் பெரட்டுக்களத்தில் ஒட்டட்டும். கான் வேலையைக் கொழுந்துக் கணக்கிலிருந்து பிரித்து, பாதுகாப்புச் செலவாக அரசும் கம்பனியும் பங்கிடட்டும். அதனால் பயன் பெறுவது தோட்டம் மட்டும் இல்லை, கீழே உள்ள கிராமமும் பாதையும் ஆறும்.

காணியும் அதே வரிசையில் வர வேண்டும். தோட்டக் குடும்பத்துக்குச் சிறு காணியும் தனி வீடும் என்ற திட்டம் பல வருடமாக நடக்கிறது. இந்திய உதவியில் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகளும் அதில் சேரும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் கட்ட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும் என்ற சுற்றறிக்கை 2011இலிருந்து இருக்கிறது. அந்தச் சிபாரிசு அறிக்கை, காணி உறுதியோடு சேர்த்து, தமிழில், குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். தன் வீட்டுக்கு மேலே என்ன இருக்கிறது, எந்த வடிகாலை யார் சுத்தம் செய்ய வேண்டும், எந்த மழைக்கு எங்கே போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்த கூட்டு ஒப்பந்தத்திலோ சம்பள நிர்ணய சபையின் வர்த்தமானியிலோ இன்னொரு வரியும் ஏற வேண்டும். சிவப்பு அறிவித்தல் உள்ள நாளில் வெளியேறிய தொழிலாளிக்கு முழுப் பேர். தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்துக்காக இத்தனை வருடம் போராடியிருக்கின்றன; இந்த ஒரு வரியையும் கேட்டால் கம்பனிகளுக்கு வருடத்தில் சில நாட்களின் சம்பளம்தான் செலவு. தென்மேல் பருவம் சப்ரகமுவையைப் பிடிப்பது மே மாதத்தில். சம்பளப் பேச்சு அதற்கு முன்னால் நடக்கட்டும்.